தஞ்சைச் சுவார்ட்ஸ் ஐயர்

மேனாட்டினின்று நம் தமிழகத்திற்குப் போந்து கிறிஸ்து நாதரின் திருநாமத்தை அறிவித்த குருமார் பலர். அவருள் வீரமாமுனிவரையும் கால்டுவெல் ஐயரையும் போப் ஐயரையும் தமிழ் மாணவராகிய நாம் நன்கறிவோம். அன்னார் இயற்றிய நூல்கள் அவர்தம் பெருமையை நமக்கு நாடோறும் உணர்த்தி நிற்கின்றன. சுவார்ட்ஸ் ஐயரோ அத்தகைய பெருநூல் எதனையும் நமக்கு விட்டுச் சென்றிலர். ஆயினும் அவர் வாழ்ந்த நாளில் தஞ்சைச் சீமையில் அவருடைய வாய்ச்சொல்லுக்கு இருந்த மதிப்பு அரசனது முத்திரைக்கும் இருந்ததில்லை. அஃது அவருக்கு எங்ஙனம் வாய்த்தது என்பதைக் கூறுதலே ஈண்டு நம் கருத்து.

கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் 1726-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் புருசியா தேசத்துச் சொன்னன்பர்க் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையிலேயே அன்னையாரை இழந்தார். ஹல்லே நகரத்துச் சர்வகலாசாலையிற் கற்குங்கால், தமிழ் வேதாகமத்தை அவ்விடத்தே அச்சிட முயன்றுகொண்டிருந்த சூல்ட்சு ஐயருக்கு உதவும் பொருட்டுத் தமிழ் பயிலலானார். அவ்வச்சு வேலை அங்கு நிறைவெய்தவில்லை. மாணவர் கற்ற தமிழோ வீண்போகவில்லை. 1750-ஆம் ஆண்டு ஜூலையில் இந்நாட்டையடைந்து தரங்கம்பாடி சேர்ந்த அவர், அவ்வாண்டு நவம்பரிலேயே தமிழில் முதற் பிரசங்கம் செய்தனர். பிறந்தது முதல் இம்மொழியைப் பேசியும், மேடையேற நடுங்கும் நம்மனோர்க்கு இச்செய்தி சிறிது நாணந் தருவதேயாம்.

தரங்கம்பாடியிற் சில்லாண்டு உழைத்தபின் அவர் திருச்சிராப்பள்ளியைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டார். ஆங்கு அவர் வாழ்ந்த வாழ்வைக் கண்டோர் எழுதிவைத்த குறிப்புக்கள் உள. பழங்கட்டடமொன்றில், தம் படுக்கையும் தாமும் கொள்ளுமளவே இடமுள்ள ஓர் அறை. நம் நாட்டு முறையிற் சமைத்த சோறும் காய்கறியும். கருஞ்சாயந் தோய்த்த பருத்தியுடை. இவ்வளவே அவர் வேண்டியவை. ஆண்டொன்றுக்கு 48 பவுன் அவருக்குப் போதியதாயிருந்தது. பின்னர்ப் பட்டாளத்துக் குருவாகக் கும்பினியார் 100 பவுன் அளித்தபோது அதிற் பாதியைச் சபையின் தேவைக்கு விட்டுவிட்டார். 1763-இல் வெடிமருந்துக் கிடங்கு தீப்பற்றி வெடித்துப் பலர் மாண்டபோது, தந்தையரை இழந்த சிறுவர்க்காகப் பட்டாளத்தாரிடம் பொருள் திரட்டிப் பள்ளி நிறுவினார். 1766-இல் கோட்டையினுள்ளே எழுந்த கிறிஸ்து ஆலயமும் அவர் முயற்சியே. அவர் இல்லறம் மேற்கொண்டிலர்.

1778-இல் தஞ்சைக்குக் குடிபெயர்ந்தார். மறு ஆண்டில் சென்னைக் கவர்னர் அவரை ஐதர் அலியிடம் தூது விடுத்தார். குரு ஒருவர் அரசியல் தூது செல்லலாமோ என்னும் ஐயம் அவருக்கே இருந்தது. சமாதானத்தின் பொருட்டாதலின் இசைந்தார். தூது பலிக்கவில்லை. வழிச்செலவுக்கென்று ஐதர் கொடுத்த 300 ரூபாயை அவர் தமதாக்கிக்கொள்ளாது சென்னை அரசாங்கத்தாரிடம் ஒப்புவித்தார். அவர்கள் திருப்பியளிக்கவே, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி ஏற்படுத்துவதற்கு அதனை முதற் பணமாக வைத்தார். இது சிறு செய்தியே. எனினும், ஐதர் படையெடுத்து வந்த காலத்தில், அப்பாதிரியாரைத் தடையின்றிப் போகவர விடுமாறு தம் சேனைத் தலைவர்க்குக் கட்டளையிட்டனர் என்பதை இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும்.

அப்போரின்போது நிகழ்ந்ததொன்றே அவர் வாழ்வில் நாம் மிகவும் வியப்பது. தஞ்சைக் கோட்டையைப் பஞ்சம் சூழ்ந்தது. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. கொணர்தற்கு மாடுகள் இல்லை. இல்லையென்பதினும் மறைக்கப்பட்டன என்பதே பொருந்தும். ஏனெனில் முன்னர்க் குடிகள் நெல் கொணர்ந்த காலத்து, அவர்க்குச் சேரவேண்டிய பணத்தைத் துபாஷிகள் இடையிலே விழுங்கிவிட்டனர். ஆகவே குடிகள் தம் மாடுகளை ஓட்டிக்கொண்டு அகன்றனர். அரசர் கட்டளையிட்டார், பின் இரந்தும் கேட்டார், ஒருவரும் அசைந்திலர். சிப்பாய்கள் பசியால் மெலிந்து வீழ்ந்தனர். காலைதோறும் தெருக்களிற் பிணங்கள் கிடந்தன. இறுதியில் துளஜா மன்னர் ஆங்கிலத் தலைவரொருவரை நோக்கி, நும் சொல்லையும் நம் சொல்லையும் நம்புவார் இனி இல்லை, சுவார்ட்ஸ் ஐயரையேனும் குடிகள் நம்புவரோ என்று பார்ப்போம் என்னும் கருத்துப்படக் கூறி, எழுதாத வெறுந்தாளொன்றை அவருக்கு அனுப்பினார். எவ்வித ஒப்பந்தம் வேண்டினும் அவரே எழுதிக்கொள்ளலாம் என்பது அதன் பொருள்.

அவர் தாமதித்திலர். சுற்றிலுமுள்ள ஊர்களுக்கு ஓலை போக்கினார். கூலியைத் தம் கையாலேயே கொடுப்பதாகவும், பகைவர் பிடித்துக்கொள்ளும் மாட்டிற்கும் விலை தருவதாகவும் உறுதி கூறினார். ஓரிரு நாளில் ஆயிரத்திற்கு மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. உபதேசியார் ஒருவரும் வேறு கிறிஸ்தவர் சிலரும் உயிரைப் பொருட்படுத்தாது அவற்றுடன் நாட்டுப்புறஞ் சென்று, சின்னாளில் 80,000 கலம் நெல்லைக் கோட்டைக்குள் கொணர்ந்தனர். கோட்டை பிழைத்தது. பின்பு ஐயர் குடிகளுக்குச் சொன்னபடி பணம் கொடுத்தார். கையிருப்புப் போதாமையால், தம்மிடம் பிறர் வைத்திருந்த பணத்தையும் எடுத்துக் கொடுத்து, அதற்கு மேலும் சிறு வெகுமதி தந்து வீட்டிற்கு அனுப்பினார்.

இதனிடத்தே நாம் சற்று நின்று நோக்குவோம். மாடு கொணர்ந்தோருட் பெரும்பாலார் கிறிஸ்தவரல்லர். அவர்கள் அவருடைய பிரசங்கங்களைக் கேட்டு மனமாறியவருமல்லர். பட்டினி கிடப்போனுக்கு ஒருபிடி அரிசி ஈவதை நாம் அன்பு என்கிறோம்; உழைத்தவனுக்குச் சேரவேண்டிய காசை, இடையில் ஒரு கை படாமல், சொன்ன நாளிற் சொன்னபடி கொடுப்பதை அன்பென்று கருதுவதில்லை. அக்காலத்துத் தஞ்சைக் குடியானவனுக்கோ அவ்விரண்டனுள் பின்னதே அரிதாயிருந்தது. சுவார்ட்ஸ் ஐயர் தாம் எதன்பொருட்டு இந்நாடு வந்தார் என்பதை எவரிடத்தும் மறைத்தவரல்லர்; அரசவையிலும் வழிச்சத்திரத்திலும் சுவிசேஷத்தை வெளிப்படையாகவே பேசினார். ஆனால் அவர் பேசியதைக் கேட்டவர், அவர் கணக்குத் தீர்த்த முறையையும் கண்டிருந்தனர்.

பின்னரும் இவ்வாறே நிகழ்ந்தது. அதிகாரிகளின் கொடுமை பொறாது குடிகள் பல்லாயிரவர் தஞ்சை நாட்டை விட்டோடினர், வயல்கள் தரிசாயின. அரசரின் அபயமொழியை எவரும் பொருட்படுத்தவில்லை. ஐயர் பொறுப்பேற்று அழைத்தபின் ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்தனர். விதைக்கும் பருவம் கழிகின்றதே என்று அவர் ஊக்கியபோது, தாங்கள் இரவும் பகலும் உழைத்து அவருக்குற்ற சொல்லைக் காப்பதாக அவர்கள் மொழிந்தனராம்.

அவரிடத்துக் குறையே இல்லையென்று கூற நாம் துணியோம். சபையினுள்ளே சாதி வேற்றுமையை அவர் ஒரேயடியாகக் களையாது பையப்பைய மாறுமென்று விட்டனர். அது மாறவில்லை, 1833-இல் டானியேல் உவில்சன் அத்தியட்சர் அதனை நீக்கக் கட்டளையிட்டபோது தஞ்சைச் சபை பெருங்கலக்கமுற்றது. எல்லாரிடத்தும் மென்மை காட்டினோர், அம்மென்மையால் தாழ்த்தப்பட்டோர்க்கு நேர்ந்த தீங்கைக் காணாது விடுதலும் உண்டு.

1787-இல் துளஜா மன்னர் இறக்கும் தறுவாயில், தாம் சுவீகாரங்கொண்ட பத்து வயதுச் சிறுவன் சரபோஜியை ஐயர் கையில் ஒப்புவிக்க விரும்பினார். ஐயர் முழுப்பொறுப்பையும் தாம் ஏற்க மறுத்து, மன்னரின் தம்பி அமரசிங்கரைப் பாதுகாவலராக்கும்படி யோசனை கூறினார். அந்த யோசனை நன்மையாய் முடிந்ததெனச் சொல்லவியலாது. அமரசிங்கர் தாமே அரியணையேறினார். சிறுவன் விளக்கொளியன்றி வேறொளி புகாத அறையில் அடைபட்டான். ஐயர் காணச் சென்றபோது, குழந்தைகளுக்குச் சூரிய சந்திரரைக் காட்டாது வளர்ப்பது ஐரோப்பிய வழக்கமோ என்று அவன் வினவினான் என்பர். அதன்பின் அவர் ஓய்ந்திலர். கும்பினியாருக்கு மீண்டும் மீண்டும் எழுதி அவனை மீட்டு, 1793-இல் சென்னைக்குக் கொண்டு சேர்த்து, கெரிக்கே ஐயரின் பார்வையிற் கல்வி பெறச் செய்தார். முதுமையில் அவர் மேற்கொண்ட உழைப்பிற் பெரும்பகுதி இப்பிள்ளைக்கே செலவாயிற்று.

1798-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சையிற் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சரபோஜி வந்து உடலைக் கண்டு கதறியழுது, பொன்னாடை போர்த்திக் கல்லறை வரையிலும் உடன் சென்றார். அவ்வாண்டிலேயே அரசுரிமையும் அவரை வந்தடைந்தது. சரசுவதி மகாலின் ஏட்டுச் செல்வத்தைப் பெருக்கிய அம்மன்னர் 1832-இல் இறக்குமளவும் தம் முன்னோர் சமயத்திலேயே நின்றார். ஞானஸ்நானப் பதிவேடு ஒன்றையே கொண்டு ஊழியத்தை அளப்போர், ஐயரின் அரும்பாடு இவரிடத்தே பயனற்றுப்போயிற்று என்று எழுதக்கூடும். மன்னர் அவ்வாறு கருதவில்லை. இலண்டன் நகரச் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு வெண்சலவைக் கல்லில் ஒரு நினைவுச் சிற்பம் செய்வித்து, தாமே ஆங்கிலத்திற் பாடிய செய்யுளை ஐயரின் கல்லறைக் கல்லிற் பொறிப்பித்தார். சிவகங்கைக் குளத்தருகேயுள்ள ஆலயத்தில் அச்சிற்பம் இன்றும் உளது. படுக்கையில் ஐயர் கிடக்கின்றார். தலைமாட்டிற் கெரிக்கே ஐயர். குனிந்து அவர் கையைப் பற்றியிருப்பவர் தலைப்பாகையணிந்த சரபோஜி மன்னர். ஒருபால் அவருடைய பள்ளிச் சிறுவர் மூவர் நிற்கின்றனர்.