விமர்சகரா, போராளியா? சபாக்களை உலுக்கிய 'கர்நாடகம்' கல்கி!

'பொன்னியின் செல்வன்' எழுதினவர்தானே கல்கி? ஆமாம். ஆனா அந்த நாவல் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே வித்வான்களுக்கு அவரை வேறொரு பெயரில் தெரியும்: 'கர்நாடகம்'.

யார் இந்த 'கர்நாடகம்'?

1899-ல் மாயவரம் பக்கத்தில் புத்தமங்கலத்தில் பிறந்தவர் ரா.கிருஷ்ணமூர்த்தி. ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் பள்ளிப் படிப்பை விட்டார், ஜெயிலுக்குப் போனார். 1930-களில் ஆனந்த விகடன் ஆசிரியரா இருந்தப்போ, 'ஆடல் பாடல்' பகுதியில் கச்சேரி விமர்சனம் எழுதினார். 'கர்நாடகம்' என்றால் சங்கீதமும்தான், பேச்சுவழக்கில் பழைய பஞ்சாங்கமும்தான். பெயரிலேயே கிண்டல்! ராக இலக்கணம் தெரியாதவர்களும் ரசித்துப் படிக்கிற மாதிரி எழுதியதுதான் அவர் பலம்.

என்ன சண்டை?

அன்றைய மேடைகளில் தெலுங்கு, சமஸ்கிருத கீர்த்தனைகளே பிரதானம். தமிழ்ப் பாட்டு கடைசியில் வரும் துக்கடா. கேட்பவருக்கு அர்த்தம் புரியணும், புரிந்தால்தான் மனசு உருகும் என்பது கல்கியின் கட்சி. தியாகராஜரை அவர் வெறுக்கவில்லை. தமிழுக்கும் மேடையின் நடுவில் இடம் கேட்டார்.

1941-ல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் ஆதரவில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு நடந்தது. சங்கீதத்துக்கு மொழி முக்கியமில்லை, தரம் குறைந்துவிடும் என்று சென்னையில் பலமான எதிர்ப்பு. கல்கி கட்டுரை மேல் கட்டுரையா பதில் எழுதினார். 1943-ல் தமிழ் இசைச் சங்கம் உருவானது.

நடுநிலை இருந்ததா?

இங்கேதான் சிக்கல். 1941-ல் விகடனை விட்டு வந்த கல்கி, நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து 'கல்கி' பத்திரிகையைத் தொடங்கினார். அதற்குப் பணம் திரட்டத்தான் சதாசிவத்தின் மனைவி எம்.எஸ்.சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதரா நடித்தார். 1945-ல் 'மீரா' படத்தில் எம்.எஸ். பாடிய 'காற்றினிலே வரும் கீதம்' கல்கி எழுதியதே. விமர்சகரே பாடலாசிரியர், பாடகி நண்பரின் மனைவி. இன்னைக்கு எந்த நியூஸ் ரூமிலும் இது கேள்வியாகும்.

ஆனா அவர் தன் சார்பை மறைக்கவில்லை. எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது வாசகருக்குத் தெரிந்தே இருந்தது.

1954 டிசம்பர் 5-ல் கல்கி காலமானார். சபாக்கள் களைகட்டும் அதே டிசம்பர். இப்பவும் சீசன் வந்தா, மெயின் உருப்படி தமிழா, தெலுங்கா என்று கேன்டீனில் விவாதம் நடக்கிறது. அந்த டேபிளில் 'கர்நாடக'த்துக்கும் ஒரு நாற்காலி உண்டு.