விமான வீரர் இந்திரலால் ராய்

உலகத்தில் அரிய செயல்களைச் செய்து புகழெய்தினோர் பலர். அவருள் நெடுநாள் வாழ்ந்து, படிப்படியாய் உயர்ந்து, முதுமையில் மாலை சூட்டப்பெற்றோர் சரித்திரங்களை நாம் பலகாலும் படித்திருக்கின்றோம். இருபது வயது நிரம்புமுன்னரே உயிர்துறந்தும், நூறாண்டுகளுக்குப் பின்னும் நினைக்கப்படுவோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் வங்காள வாலிபராகிய இந்திரலால் ராய் என்பார். அவரது வாழ்க்கையை ஈண்டு எழுதப் புகுந்ததற்குக் காரணம் ஒன்றுண்டு.

கருநாடக எல்லையை ஒட்டிய ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் வாழ்வோர்க்கு ஆகாய விமானம் புதுமையன்று. ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில், 1940-ஆம் ஆண்டில் வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபரின் முயற்சியால் விமானத் தொழிற்சாலை எழுந்தது. ஓசூரை அடுத்த பெலகொண்டப்பள்ளியிலேயே விமானம் இறங்கத்தக்க ஓடுபாதை உண்டு. ஆலைச் சங்கொலி கேட்டுக் கண்விழிக்கும் இவ்வூர்ச் சிறுவர், தலைக்குமேல் செல்லும் விமானத்தை அண்ணாந்து நோக்கித் தாமும் ஒருநாள் அதனைச் செலுத்துவோம் என்று எண்ணுதல் இயல்பே. அவ்வெண்ணத்தோடு வளர்ந்த மாணவர் சிலர், வைத்தியப் பரிசோதனையிலே கண்பார்வை போதாதென்ற ஒரு சொல்லைக் கேட்டு, மனமுடைந்து வீடு திரும்புகின்றனர். அச்சொல்லை இந்திரலாலும் கேட்டார். கேட்டபின் அவர் யாது செய்தார் என்பதே நாம் அறியத்தக்கது.

இந்திரலால் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 2-ஆம் நாள் கல்கத்தா நகரில் பிறந்தார். தந்தையார் பியரிலால் ராய், பாரிஸ்டர் பட்டம் பெற்று வழக்கறிஞராய் விளங்கியவர். தாயார் லலிதா ராய். தாய்வழிப் பாட்டனார் சூரியகுமார் குடீவ் சக்கரவர்த்தி, மேனாட்டு வைத்தியத்தைக் கற்றுத் தேர்ந்த முதல் இந்தியருள் ஒருவர். சிறு பிராயத்திலேயே இந்திரலால் தாயாரோடும் உடன்பிறந்தாரோடும் இலண்டனுக்குச் சென்று, அங்கே செயிண்ட் பால் பள்ளியிற் கல்வி பயின்றார். வீட்டார் அவரைச் செல்லமாய் 'லாடி' என்று அழைத்தனர். அவருடைய தமையனார் பரேஷ்லால், பிற்காலத்தில் நம் நாட்டில் குத்துச்சண்டைப் பயிற்சியைப் பரப்பிப் பேர்பெற்றவர்.

தாயாரைப் பற்றி இங்கே ஒரு சொல் கூறுதல் தகும். இங்கிலாந்திலே பெண்களுக்கு வாக்குரிமை இல்லாதிருந்த காலம் அது. 1911-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவ்வுரிமையை வேண்டி இலண்டன் வீதிகளில் மாதர் பேரூர்வலம் ஒன்று நடைபெற்றது. அதில் இந்திய மாதர் அணியில் நின்றவர்களுள் லலிதா ராயும் ஒருவர். ஒருமுறை மறுக்கப்பட்டதனால் ஒரு வேண்டுகோள் முடிந்துவிடுவதில்லை என்னும் பாடத்தை இந்திரலால் தம் வீட்டிலேயே கண்டார் எனலாம்.

1914-ஆம் ஆண்டில் ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டது. அப்போது இந்திரலால் பள்ளி மாணவர். விமானம் கண்டுபிடிக்கப்பட்டுப் பதினோராண்டுகளே ஆகியிருந்தன. தரையிலே காலாட்படை சேற்றுக் குழிகளில் கிடந்து மடிய, வானத்திலே ஒரு புதிய போர்முறை தோன்றியது. பதினெட்டு வயது நிரம்பியதும், இந்திரலால் பிரிட்டிஷ் அரசரின் பறக்கும் படையிற் சேர விண்ணப்பித்தார். கண்பார்வைக் குறைவு காரணமாக அவரைத் தள்ளிவிட்டனர்.

இவ்விடத்தில் அவ்விதியின் நியாயத்தையும் நாம் உணரவேண்டும். அக்காலத்துப் போர்விமானம் மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்தப்பட்டது. ஓட்டுவோர் இருக்கை திறந்த வெளி. தொலைவில் வரும் விமானத்தை அறிவிக்கும் ராடார் கருவி இல்லை. வெண்மேகத்தின் ஓரத்திலே கடுகளவாய்த் தோன்றும் ஒரு புள்ளி பகைவனா, நண்பனா என்பதை ஓட்டுநர் தம் இரு கண்களாலேயே தெரிந்துகொள்ள வேண்டும். முந்திக் கண்டவன் பிழைப்பான். பிந்திக் கண்டவன் மடிவான். ஆதலின் கண்பரிசோதனை வீண் சடங்கன்று. ஓட்டுவோரின் உயிரையும் அவரோடு பறப்போர் உயிரையும் காக்கும் வேலியேயாம்.

இந்திரலால் அவ்வேலியைத் திருட்டுத்தனமாய்த் தாண்ட முயலவில்லை. பரிசோதனைப் பலகையின் எழுத்துக்களை மனப்பாடம் செய்து ஏமாற்றவும் எண்ணவில்லை. தம் கண்ணைப்பற்றிக் கூறப்பட்ட தீர்ப்பு சரியானதுதானா என்று அறிய விரும்பினார். கண் வைத்தியத்தில் தலைசிறந்த நிபுணர் ஒருவரிடம் மறுபரிசோதனை செய்துகொள்ளப் பணம் வேண்டியிருந்தது. அதற்காகத் தம் மோட்டார் சைக்கிளை அவர் விற்றுவிட்டார் என்று அவரது சரித்திரம் கூறும். பதினெட்டு வயது வாலிபனுக்குத் தன் வண்டி எத்துணை அருமையானது என்பதை, 1980-இல் டி. வி. எஸ். 50 வண்டியை நாட்டுக்கு அளித்த ஓசூரைச் சார்ந்தவர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. நிபுணரின் கருத்து இந்திரலாலுக்குச் சார்பாக அமைந்தது. முந்திய தீர்ப்பு மாற்றப்பட்டது. 1917-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் அவர் பறக்கும் படையில் இரண்டாம் லெப்டினன்ட் பதவி பெற்றார்.

பயிற்சி முடிந்து, அவ்வாண்டு அக்டோபர் மாத இறுதியில், பிரான்சு தேசத்திலிருந்த 56-ஆம் விமானப் பிரிவில் சேர்ந்தார். ஆறு வாரங்களுக்குள்ளேயே ஆபத்து நேர்ந்தது. டிசம்பர் 6-ஆம் நாள் அவர் செலுத்திய எஸ். இ. 5 விமானம் தரையில் மோதி நொறுங்கியது. நினைவிழந்து கிடந்த அவரை இறந்தாரென்று கருதி, எத்தாப்பிள் என்னும் ஊரின் இராணுவ வைத்தியசாலையிலே பிணங்களோடு கிடத்திவிட்டனர் என்றும், நினைவு வந்ததும் அவர் எழுந்து பிணவறைக் கதவைத் தட்டினார் என்றும் சொல்லப்படுகிறது. சாவின் வாயிலைத் தட்டிப் பார்த்துத் திரும்பியவர் என்று அவரைக் கூறினால் அது வெறும் அணியன்று.

அதன்பின் சிகிச்சைக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். விமானம் ஓட்ட உடல்தகுதி இல்லையென்ற தீர்ப்பு இரண்டாம் முறையும் வந்தது. ஓய்வு நாட்களில் இந்திரலால் சோர்ந்து கிடக்கவில்லை. விமானங்களின் சித்திரங்களைத் தாள்தாளாக வரைந்துகொண்டிருந்தார். அச்சித்திரங்களிற் பல இன்றும் உள்ளன. பறக்க இயலாத காலத்திலும் விமானத்தைக் கண்ணாலும் கையாலும் கற்றுக்கொண்டேயிருந்தார் என்பதற்கு அவையே சான்று. உடல் தேறியபின் மீண்டும் மீண்டும் மேலதிகாரிகளிடம் முறையிட்டு, மறுபடியும் பறக்க அனுமதி பெற்றார். 1918-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 40-ஆம் விமானப் பிரிவுக்கு அனுப்பப்பட்டு, ஜார்ஜ் மக்கெல்ராய் என்னும் தேர்ந்த வீரரின் தலைமையில் பணிபுரிந்தார்.

அதன்பின் நிகழ்ந்தது வியப்பிற்குரியது. ஜூலை 6-ஆம் நாள் அவர் முதல் வெற்றியைப் பெற்றார். 8-ஆம் நாள் நான்கு மணி நேரத்திற்குள் மூன்று வெற்றிகள். 13-ஆம் நாள் இரண்டு. 15-ஆம் நாள் இரண்டு. 18-ஆம் நாள் ஒன்று. 19-ஆம் நாள் ஒன்று. இவ்வாறு பதினான்கு நாட்களில் பத்து வெற்றிகள் அவர் பெயரிற் பதிவாயின. கண்பார்வை போதாதென்று தள்ளப்பட்டவர், வானத்திலே முந்திக் காணும் திறமையையே முதன்மையாய் வேண்டும் தொழிலில் இவ்வளவு செய்தார்.

மூன்று நாட்களே கழிந்தன. ஜூலை 22-ஆம் நாள் கார்வேன் என்னும் ஊரின்மேல் ஜெர்மானிய விமானங்களோடு நிகழ்ந்த சண்டையில் அவரது விமானம் தீப்பற்றி வீழ்ந்தது. அந்நாளில் பிரிட்டிஷ் போர்விமான ஓட்டுநர்க்குப் பாராசூட் வழங்கப்படவில்லை. வீழ்ந்தால் உயிர்பிழைக்க வழியில்லை. இந்திரலாலுக்கு அப்போது வயது பத்தொன்பதும் ஏழு மாதமும் இருபது நாளுமே. ஒன்பது நாட்களுக்குப் பின், அவருடைய தலைவராகிய மக்கெல்ராயும் போரில் மடிந்தார். இந்திரலாலின் உடல் பிரான்சு நாட்டில் எஸ்தவெல் என்னும் சிற்றூரின் கல்லறையில் அடங்கியுள்ளது. அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில், விமானப் போரில் சிறந்தோர்க்கென அப்போதுதான் ஏற்படுத்தப்பட்டிருந்த சிறப்புப் பறக்கும் சிலுவை என்னும் விருது, இறந்த அவருக்கு வழங்கப்பட்டது. அதனைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. பிறந்து நூறாண்டு நிறைந்த 1998-இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது.

நிற்க. அவர் போரிட்டது அந்நிய அரசுக்காகவன்றோ என்று வினவுவாரும் உளர். அவ்வினா நியாயமானதே. அம்மகாயுத்தத்தில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் கடல்கடந்து சென்றனர். தம் நாட்டில் தமக்கில்லாத உரிமைக்காகப் பிறர் நாட்டில் உயிர்விட்டோர் அவருட் பலர். அன்றியும், இந்திரலால் வீழ்த்திய விமானங்களிலும் அவரை யொத்த இளைஞரே இருந்தனர். அவர்களையும் தாய்மார் பெற்று வளர்த்தனர். ஆதலின் அவருடைய பத்து வெற்றிகளை எண்ணி நாம் களிப்பதற்கில்லை. அவ்வெற்றிகளுக்கு முன்னே, ஒருவரும் காணாவிடத்தில், தம் வண்டியை விற்று நிபுணரின் வாயிலிற் சென்று நின்ற அந்த வாலிபரையே நாம் மாணவர்க்குக் காட்ட விரும்புகின்றோம்.

இனி நம் காலத்து நிலைமையைச் சிறிது நோக்குவோம். பயணிகள் விமானம் ஓட்டுவோர்க்கு உலக நாடுகள் ஏற்ற விதிப்படி, ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே 6/9 அளவும், இரு கண்களும் சேர்ந்து 6/6 அளவும் காணவேண்டும். 6/9 என்பது, நற்பார்வையுடையோர் 9 மீட்டர் தொலைவில் படிக்கும் எழுத்தை 6 மீட்டர் தொலைவிற் படித்தலாம். மூக்குக்கண்ணாடி அணிந்து இவ்வளவைப் பெற்றாலும் போதும். ஆனால் பறக்கும்போது உதிரிக் கண்ணாடி ஒன்று கையருகே இருத்தல் வேண்டும். போர்விமானப் படையின் விதிகள் இவற்றினும் கடுமையானவை. நிறங்களைப் பிரித்தறியும் ஆற்றலும் சோதிக்கப்படும். அதற்கு வழங்கும் புள்ளிப் படங்களை ஜப்பானிய வைத்தியர் இஷிஹாரா வெளியிட்டது, இந்திரலால் படையிற் சேர்ந்த அதே 1917-ஆம் ஆண்டிலேயாம். பிறவியிலமைந்த நிறக்குறையைச் சாதாரணக் கண்ணாடி தீர்ப்பதில்லை. விமானிகளின் உடல்நிலையை ஆராயும் விமானப்படை வைத்தியக் கழகம் 1957 முதல் பெங்களூரிலேயே இருப்பது எல்லைப்புறத்து மாணவர் அறியத்தக்கது.

ஆகவே, கண்ணாடி அணிந்த மாணவன் விமானி ஆகமாட்டான் என்று வீட்டுத் திண்ணையிலிருந்து கூறப்படும் தீர்ப்பை நம்பிக் கனவைக் கைவிடுதல் பேதைமை. அதுபோலவே, பரிசோதனை செய்துகொள்ளாமல், தந்தையார் நிலத்தை அடமானம் வைத்துப் பயிற்சிக் கட்டணம் செலுத்தியபின் தகுதியின்மையை அறிதலும் பேதைமையே. முதலில் கண், பின்னரே கட்டணம். தீர்ப்பில் ஐயம் உண்டாயின் தக்க நிபுணரிடம் மறுமுறை காட்டுக. அவரும் இல்லையென்று உண்மையைக் கூறின் அதனையும் ஏற்றுக்கொள்க. ஏனெனில் விமானியின் கண் அவருக்கு மட்டும் உரியதன்று. பின்னே அமர்ந்திருக்கும் பயணிகளுக்கும் உரியது. ஓட்ட இயலாதார்க்கும் விமானத்தை வகுக்கவும், கட்டவும், பழுதுபார்க்கவும் தொழில்கள் பலவுள.

இந்திரலாலுக்கு நிபுணர் சார்பாகச் சொல்லாதிருந்தால், அவர் பெயர் உலகுக்குத் தெரிந்திராது. அவர் நெடுநாள் வாழ்ந்தும் இருக்கலாம். அப்பொழுதும் அவர் செய்தது சரியேயாகும். உண்மையை அறிவதற்காகத் தமக்கு அருமையானதை விற்கத் துணிந்தவர் அவர். அத்துணிவும், அவ்வுண்மையை நேர்வழியிலே தேடும் ஒழுக்கமும் நம் மாணவர்பால் வளர்க என்று விழைகின்றோம்.