வாப்பிச்சி மரைக்கார் கேட்ட வெகுமதி

கொழும்பு நூதனசாலையைப் பார்த்த மாணவிகள் நம்மில் பலர். அதைத் தொடக்கிவைத்த தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் சிலை முன்றலில் நிற்கிறது. வரைபடம் தந்த ஜேம்ஸ் ஸ்மிதரின் பெயரையும் நூல்களில் வாசிக்கிறோம். கல்லும் சுண்ணாம்பும் சேர்த்து அதை எழுப்பியவர் யார் என்று கேட்டால்தான் தயங்குகிறோம். அவர் மர்ஹூம் அரசி மரைக்கார் வாப்பிச்சி மரைக்கார்.

1829இல் பிறந்த அவர் கட்டட ஒப்பந்தக்காரர். மேசன் வேலையை முன்னின்று நடத்துபவரை பாஸ் என்று சொல்வது நம் நாட்டு வழக்கம். மக்கள் அவரையும் வாப்பிச்சி மரைக்கார் பாஸ் என்றே அழைத்தனர். கொழும்பின் பழைய பிரதம தபாலகம், சுங்கக் கட்டடம், புறக்கோட்டைப் பழைய நகர மண்டபம் ஆகியனவும் அவர் கட்டியவையே. அந்த நகர மண்டபத்தை 689 பவுண் ஒப்பந்தத்தில் முடித்துக் கொடுத்தார் என்பர்.

ஆனாலும் கட்டடங்களைவிட அவர் கேட்ட ஒரு வெகுமதிதான் என் மனதைக் கவர்ந்தது. நூதனசாலை 1877 ஜனவரியில் திறக்கப்பட்டது. விழா முடிவில், இந்தப் பணிக்காக என்ன கௌரவம் வேண்டும் என்று தேசாதிபதி அவரிடம் வினவினாராம். பட்டமோ பதவியோ கேட்பார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு வியப்பு. ஜும்ஆ நாளான வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைத்தால் போதும் என்று அவர் வேண்டிக்கொண்டார். நம்மவர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி இது. நூதனசாலையும் நெடுங்காலம் வெள்ளிக்கிழமைகளில் மூடியே இருந்தது.

தொழிலில் உயர்ந்தவர் அத்தோடு அமைதியடையவில்லை. மார்க்கம் போய்விடுமோ என்று அஞ்சி, மிஷனரிப் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பத் தயங்கிய காலம் அது. அறிஞர் சித்திலெப்பையும், எகிப்திலிருந்து 1883இல் இங்கு நாடுகடத்தப்பட்ட ஒராபி பாஷாவும் கல்விக்காக உழைத்தபோது, வாப்பிச்சி மரைக்கார் தோள் கொடுத்தார். 1892 ஓகஸ்ட் 22இல் மருதானையில் அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா தொடங்கியது. அதன் முதல் முகாமையாளர் அவரே. அன்றைய மத்ரஸாதான் இன்றைய ஸாஹிராக் கல்லூரி.

1925இல் அவர் வபாத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். தொண்ணூறு வயதைத் தாண்டிய நிறைவாழ்வு.

அவர் உதவியால் எழுந்த ஸாஹிரா ஆண்பிள்ளைகளின் கல்லூரி. நம்மைப் போன்ற பெண்பிள்ளைகளின் முறை வர இன்னும் காலம் எடுத்தது. வாப்பிச்சி மரைக்காரின் பேரர் சேர் ராசிக் பரீதின் முயற்சியால் 1946இல் பம்பலப்பிட்டியில் முஸ்லிம் மகளிர் கல்லூரி உருவானது. ஸாஹிரா தொடங்கி அப்போது 54 ஆண்டுகள் ஆகியிருந்தன. பாட்டனார் வைத்த அத்திவாரத்தின் மேல் பேரர் ஒரு மாடி கட்டினார் என்றே நான் நினைக்கிறேன்.

வியாபாரத்தில் முன்னேறியவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய பெண்பிள்ளைகளில் எத்தனை பேர் சாதாரண தரத்தோடு வீட்டில் இருத்தப்படுகிறார்கள்? பெற்றோரே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். தனக்கென எதையும் கேட்கக்கூடிய நேரத்தில் சமூகத்துக்காகக் கேட்டவர் வாப்பிச்சி மரைக்கார். நம் பிள்ளைகளுக்காக நாம் என்ன கேட்கப் போகிறோம்?

வல்ல அல்லாஹ் அன்னாருக்கு ஜன்னதுல் பிர்தௌஸை அருள்வானாக.