ஜார்ஜ் சைமன் ஓம்

சென்னையினின்று காஞ்சிபுரம் நோக்கிச் செல்லும் பெருவழியில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்துச் சுங்குவார்சத்திரம் என்னும் ஊர் உளது. பெயரிலே சத்திரம் பூண்ட அவ்வூர் இன்று தொழிற்சாலைகளாற் சூழப்பெற்று, பல மாவட்டங்களினின்றும் வேலைக்கு வருவோர் தங்கும் இடமாக விளங்குகின்றது. சென்ற விடுமுறையில் யாம் ஆங்கு நண்பர் ஒருவரது அறையில் தங்கியிருந்தேம். ஒரே பலகையில் இஸ்திரிப் பெட்டியும் வெந்நீர்க் கருவியும் மாட்டப்பெற்றிருக்க, அப்பலகையின் பிளக் கருகிப் புகைந்தது. எலக்ட்ரீஷியன் வந்து, இவ்விரண்டும் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என வினவி, நொடிப்பொழுதில் ஒரு கணக்கிட்டுக் காரணம் கூறினார். அக்கணக்கை உலகிற்கு அளித்தவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதும், அதன்பொருட்டு அவர் தம் வேலையைத் துறந்து வாடினார் என்பதும் பின்னரே யாம் கற்றறிந்தவை. அவரது சரிதையை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789ஆம் ஆண்டு மார்ச்சு 16ஆம் நாள், இன்றைய ஜெர்மனி நாட்டு எர்லாங்கன் நகரிற் பிறந்தார். தந்தையார் பூட்டுச் செய்யும் தொழிலாளர். பள்ளிப் பயிற்சி மிகுதியும் பெறாதவராயினும், கணிதமும் விஞ்ஞானமும் தாமே முயன்று கற்று, தம் மைந்தர்க்கும் கற்பித்தார். ஓமுக்குப் பத்து வயது நிரம்பிய காலத்தே தாயார் இறந்தனர். 1805இல் எர்லாங்கன் சர்வகலாசாலையிற் சேர்ந்த இவர், நடனத்திலும் பில்லியர்டு ஆட்டத்திலும் பனிமேற் சறுக்கி விளையாடுவதிலும் பொழுது போக்கினார். உழைத்து ஈட்டிய பொருள் வீணாவது கண்டு வெகுண்ட தந்தையார் இவரைக் கலாசாலையினின்றும் நீக்கினர். இவர் சுவிட்சர்லாந்து சென்று கணித ஆசிரியராய் அமர்ந்து, தனியே நூல்களைப் பயின்றார். பின்னர் எர்லாங்கனுக்கு மீண்டு, 1811இல் டாக்டர் பட்டம் பெற்றார். மாணாக்கராகிய நமக்கு இவர் வாழ்வின் இப்பகுதி ஓர் எச்சரிக்கையும் ஆகும். ஓர் ஆறுதலும் ஆகும்.

1817இல் கொலோன் நகரத்து உயர்தரப் பள்ளியில் இவருக்கு ஆசிரியப் பதவி வாய்த்தது. ஆங்கிருந்த நல்ல ஆய்வுக்கூடமே இவர் வாழ்வை மாற்றியது. மின்னோட்டம் கம்பியின் நீளத்திற்கேற்ப எவ்வாறு குறைகின்றது என ஆராயத் தொடங்கி, 1825இல் ஒரு விதியை வெளியிட்டார். அவ்விதி பிழைபட்டது. இவர் கையாண்ட மின்கலம் வேலை செய்யச் செய்ய வலி குன்றும் இயல்பினது. ஊற்றே நிலையாதிருப்பின் ஓடையை அளப்பது எங்ஙனம்?

பொக்கெண்டார்பு என்னும் அறிஞர் கூறிய யோசனைப்படி, ஓம் அம்மின்கலத்தை ஒதுக்கினார். பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிநீரிலும் மற்றோர் இணைப்பை உருகும் பனிக்கட்டியிலும் வைத்தார். கொதிநீரின் வெப்பமும் பனிக்கட்டியின் தட்பமும் மாறாவாகலின், மின்னழுத்தமும் மாறாது நின்றது. ஒரே பருமனும் வெவ்வேறு நீளமுமுடைய எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாய்ச் சேர்த்து, தொங்கும் காந்த ஊசியின் திரும்பலால் மின்னோட்டத்தை அளந்தார். 1826இல் உண்மை வெளிப்பட்டது: அழுத்தம் மிகின் ஓட்டம் அவ்வளவே மிகும், தடை மிகின் ஓட்டம் அவ்வளவே குறையும்.

1827இல் இவற்றையெல்லாம் ஒரு நூலாக்கிப் பெர்லினில் வெளியிட்டார். சர்வகலாசாலைப் பதவி கிட்டும் என எதிர்பார்த்த இவர்க்குக் கிட்டியது புறக்கணிப்பே. சிலர் இகழ்ந்தும் எழுதினர். மனம் நொந்து 1828இல் கொலோன் பதவியைத் துறந்து, பெர்லினிற் சிறு ஊதியத்திற்குக் கணிதம் கற்பித்துக் காலங்கழித்தார். 1833இலேதான் நூரம்பெர்க் தொழிற்கல்லூரியில் இடம் பெற்றார். நம் மொழியில் ஓம் என்பது உடன்பாட்டுச் சொல். இவ்வறிஞர்க்கு உலகம் அச்சொல்லைக் கூறப் பதினான்கு ஆண்டுகள் சென்றன. 1841இல் இலண்டன் ராயல் சங்கத்தார் காப்லி பதக்கம் அளித்தனர்.

இனி, இவர் விதி நமக்குப் பயன்படுமாற்றைக் காண்போம். 230 வோல்ட் அழுத்தத்தில் ஓர் இஸ்திரிப் பெட்டி 5 ஆம்பியர் ஏற்குமாயின், முன்னதைப் பின்னதால் வகுக்க அதன் தடை 46 ஓம். இரண்டையும் பெருக்க அது கொள்ளும் திறன் 1150 வாட். மோட்டார் முதலியவற்றின் திறனைக் காண வேறொரு பின்னமும் சேர்க்கவேண்டும். வெப்பந்தரும் கருவிகட்கு இதுவே போதும். தடையில் விளையும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்திற்கேற்ப மிகும் என 1841இல் ஜூல் என்னும் ஆங்கிலேயர் நிறுவினர். ஆதலின் தளர்ந்த பிளக்கில் 1 ஓம் தடை இருப்பின், 5 ஆம்பியர் ஓடுங்கால் ஆங்கு 25 வாட் வெப்பமே எழும். இத்தகைய கருவிகள் இரண்டு சேர்ந்து 10 ஆம்பியர் ஓடுங்கால் 100 வாட் எழும். சுமை இருமடங்கு, தீங்கு நான்மடங்கு. எம் நண்பர் அறையில் நேர்ந்தது இதுவே. பலர் துயிலும் சிற்றறையில் இக்கணக்கை அறியாமை உயிருக்கே இடராய் முடிதல் கூடும்.

தாம் விரும்பிய சர்வகலாசாலைப் பேராசிரியர் பதவியை ஓம் மியூனிக் நகரில் 1852இற் பெற்றார். 1854 ஜூலை 6இல் ஆங்கே உயிர் நீத்தார். 1881இற் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாட்டார் தடையின் அளவைக்கு இவர் பெயரையே இட்டனர்.

தம் முதற் கணக்குப் பிழையென உணர்ந்தபோது அதனை மறைக்க முயலாது, ஊற்றைத் திருத்தி மீண்டும் அளந்தாரன்றோ? அப்பண்பே இவரை உயர்த்தியது. சுங்குவார்சத்திரத்து எலக்ட்ரீஷியன் அன்று இரு கருவிகட்கும் தனித்தனி இணைப்பு அமைத்து, பழைய பிளக்கை வெளியே எறிந்தார். அப்போது அவர் உதிர்த்த ஓம் என்ற சொல், இனி எம் செவிக்கு ஓர் அளவையின் பெயராக மட்டும் ஒலியாது.