பேயைத் தேடிப் போன ஆசிரியர்

ஆண்டவன் இல்லையென்று சொன்ன ஒருவருடைய சரிதை நம் சங்கப் பத்திரிகைக்கு எதற்கு என்று சகோதரர்கள் கேட்கலாம். முழுவதும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஆபிரகாம் கோவூர் 1898-ம் வருடம் கேரளத்துத் திருவல்லாவில் பிறந்தார். தகப்பனார் மார்த்தோமா சபையின் பெரிய பாதிரியார். மகன் கல்கத்தாவில் படித்தபோது, ஊரார் சிலர் கங்கை நீர் கொண்டுவரச் சொன்னார்கள். அவரோ வழியில் ஒரு ரயிலடியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்துவிட்டார். அதைக் குடித்தும் நோய் தீர்ந்ததாகச் சொன்னார்களாம். வேலை செய்தது தண்ணீரல்ல, நம்பிக்கையே என்பது அவர் மனதில் பதிந்துவிட்டது.

1928-ல் இலங்கை சென்று, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆசிரியரானார். 1959-ல் ஓய்வு பெற்றபின் பேய் பிசாசு விசாரணையிலேயே காலத்தைக் கழித்தார். கூரையில் கல் விழுகிறது, துணி தானே தீப்பற்றுகிறது என்று அழைத்த வீடுகளுக்கெல்லாம் போனார். கல்லெறிந்தது பேயல்ல, மனவேதனையைச் சொல்ல வழியில்லாத வீட்டு மனிதரே என்று கண்டு, அவர்களிடம் பேசி ஆற்றினார்.

1963-ல் பகிரங்கச் சவால் விட்டார். முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் இலக்கத்தைச் சொல்வது, தண்ணீரின்மேல் நடப்பது போன்ற அற்புதம் ஒன்றைச் சோதனைக்கு உட்பட்டுச் செய்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய். 1978 செப்டம்பரில் அவர் இறக்கும்வரை அப்பணத்தை யாரும் வாங்கவில்லை.

கோவூர் பேயோடு ஆண்டவனையும் தள்ளினார். அங்கே அவர் வழி வேறு, நம் வழி வேறு. மறைவானவற்றை நம்புவது நம் ஈமான். ஜின்னும் சூனியமும் குர்ஆனில் வந்த விஷயங்கள். ஆனால் மறைவின் ஞானம் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அது தன் கைக்குள் இருக்கிறதென்று காசு கேட்பவனை நம்பும்படி மார்க்கம் எங்கும் சொல்லவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மகனார் இப்ராஹீம் மறைந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. அந்த மரணத்துக்காகவே பிடித்ததென்று மக்கள் பேச, நாயகம் அவர்கள் உடனே அதை மறுத்துவிட்டார்கள். தமக்குப் பெருமை தரும் பேச்சாயினும், உண்மையல்லாததை ஒப்பவில்லை.

காரணம் தேடுவது ஈமானுக்கு விரோதமல்ல. நம் புக்கிட் பெலண்டோக் 1998, 99-ல் பட்ட பாட்டை மறக்க முடியுமா? கொசுக் காய்ச்சல் என்றே முதலில் எண்ணினார்கள். 1999 மார்ச்சில் ஆராய்ச்சிக்கூடத்தில் நிப்பா கிருமியைக் கண்டபிறகுதான் பிணி இன்னதென்று தெளிந்தது. அதற்குள்ளும் பின்னுமாக மலேசியாவில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள்.

வியாபாரிகளாகிய நாம் கள்ள நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம்; சரக்கை நிறுத்து வாங்குகிறோம். கடைக்குக் கண்ணேறு, பிள்ளைக்குச் சூனியம் என்று பயமுறுத்தித் தாயத்து விற்பவனிடம் மட்டும் கணக்குக் கேட்பதில்லை. தொழுது துஆ கேட்போம். நோய்க்கு வைத்தியரிடம் போவோம். நஷ்டத்துக்குப் பேரேட்டைப் புரட்டுவோம். அல்லாஹ்வுக்கு அஞ்சுகிறவன் மந்திரவாதிக்கு அஞ்ச வேண்டியதில்லை.