படகுக்கு இஞ்சின் தேடிய ஓலே எவின்ரூட்

மெக்கானிக்கல் படிக்கிற நம்மிடம் இஞ்சினைக் கண்டுபிடித்தவர்கள் பெயரைக் கேட்டால், ஓட்டோ, டெய்ம்லர், டீசல் என்று மூச்சு விடாமல் சொல்லிவிடுவோம். இரண்டு மார்க் கேள்வியில் வந்தவர்கள் ஆயிற்றே! ஆனால் ஓலே எவின்ரூட் என்ற பெயரைச் சொன்னால் நம் வகுப்பில் பாதிப் பேர் முழிப்பார்கள். நானும் நம் சீனியர் அண்ணன் ஒருவர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

அந்த அண்ணன் வெளிநாட்டில் உல்லாசப் படகுகள் ரிப்பேர் பார்க்கும் பட்டறையில் இருக்கிறார். படகின் பின்னால் கயிறு கட்டி, ஒரு பலகையில் நின்றபடி அலைமேல் தாவும் வேக்போர்டிங் விளையாட்டு அங்கே பிரபலமாம். அதற்குப் படகு வாங்க வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் எத்தனை குதிரைத்திறன் என்றுதான் கேட்பார்களாம். அது பாதிக் கேள்விதான் என்பது அண்ணனின் கட்சி. யோசித்துப் பார்த்தால் சரிதான். அந்த விளையாட்டுக்கு மணிக்கு 35 கிலோமீட்டர் வேகம் போதும். ஆனால் அலை பெரிதாக எழும்பவேண்டும் என்று படகுக்குள் வேண்டுமென்றே தண்ணீரை நிரப்பிக் கனமாக்குகிறார்கள். அந்தக் கனத்தோடு, தண்ணீருக்குள் கிடக்கும் ஆளையும் சட்டென்று இழுத்து நிறுத்தவேண்டும். அதற்குக் குறைந்த சுற்றிலேயே நல்ல டார்க் வேண்டும், அதற்கேற்ற புரொப்பெல்லர் வேண்டும். இன்னொன்று, ஆள் படகின் பின்னால்தானே இருக்கிறான்? அங்கே புரொப்பெல்லர் நீட்டிக்கொண்டு சுற்றினால் என்ன ஆகும்! அதனால்தான் இந்தப் படகுகளில் பெரும்பாலும் இஞ்சினை உள்ளே வைத்து, புரொப்பெல்லரை அடிப்பாகத்துக்குக் கீழே தள்ளி வைக்கிறார்கள். 5.7 லிட்டர், 6.2 லிட்டர் என்று வி-8 பெட்ரோல் இஞ்சின்கள், கார் லாரிக்கு என்று பிறந்தவை, கடல்வேலைக்கு மாற்றப்பட்டு அங்கே உட்கார்ந்திருக்கின்றன.

என்ன வேலை, எவ்வளவு கனம், எங்கே மாட்டுவது? எவின்ரூட் ஆயுள் முழுக்கப் போட்ட கணக்கு இதுதான். ஆனால் அவருடைய படகு வேறு, விடையும் வேறு.

1877 ஏப்ரல் 19 அன்று நார்வேயில் பிறந்தவர். 1882-இல் குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. கப்பலில் ஐந்து வயதுப் பையனைக் காணோம் என்று தேடினால் இஞ்சின் ரூமில்தான் இருப்பானாம். விஸ்கான்சின் மாநிலத்தில் ஓர் ஏரிக்கரையில் விவசாயம் பார்த்தார்கள். பையனுக்குப் படிப்பு கொஞ்சம்தான். திருட்டுத்தனமாக அவன் செய்த படகை அப்பா கண்டுபிடித்து அடுப்புக்கு விறகாக்கிவிட்டார் என்றும், அவன் சளைக்காமல் மறுபடி செய்தான் என்றும் சொல்வார்கள். அந்தக் காலத்து அப்பா, வேறு என்ன செய்வார்!

பதினாறு வயதில் மாடிசன் நகரத்துப் பட்டறையில் வேலைக்குப் போனார். பிறகு பிட்ஸ்பர்க் எஃகு ஆலைகள், சிகாகோ என்று சுற்றி மில்வாக்கி வந்து பேட்டர்ன் மேக்கர் ஆனார். ஃபவுண்டரி ஷாப்பில் மரப் பேட்டர்னோடு மல்லுக்கட்டும் முதலாண்டு தம்பிகள் இதைக் கவனிக்கவும். வார்ப்பில் எங்கே உலோகத்தைக் குறைக்கலாம், எங்கே குறைக்கக்கூடாது என்பது பேட்டர்ன் மேக்கருக்குக் கைவந்த கலை. அவர் பிற்காலத்தில் செய்ததற்கெல்லாம் அதுதான் அஸ்திவாரம் என்பது என் எண்ணம்.

1900 வாக்கில் கூட்டு சேர்ந்து இஞ்சின் செய்யும் சிறு தொழில் தொடங்கினார். கணக்கு வழக்கு, கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் பெஸ் கேரி. 1906-இல் இருவருக்கும் கல்யாணம். இந்தச் சமயத்துக் கதை ஒன்று உண்டு. வெயில் கொளுத்திய ஒருநாள், ஒகாச்சி ஏரியில் உல்லாசப் பயணம். பெஸ்ஸுக்கு ஐஸ்கிரீம் வேண்டுமாம். இவர் துடுப்புப் போட்டுக் கரைக்குப் போய் வாங்கித் திரும்புவதற்குள் அது பாலாக உருகிவிட்டது. அன்றைக்கு வலித்த தோளிலிருந்துதான் மோட்டார் பிறந்தது என்பார்கள். கதையில் மசாலா கூட இருக்கலாம், ஆனா ரசமான கதை.

படகின் பின்பக்கம் மாட்டுகிற மோட்டாரை முதலில் செய்தவர் இவர் அல்ல. டெட்ராய்ட்டில் கேமரன் வாட்டர்மேன் என்பவர் அதற்கு முன்பே விற்றுக்கொண்டிருந்தார். எவின்ரூட் செய்தது, சாதாரண ஆள் நம்பி வாங்கக்கூடிய மோட்டார். 1909-இல் வந்தது: ஒரே சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், தண்ணீரால் குளிரும், ஒன்றரை குதிரைத்திறன். எடை 62 பவுண்டு, விலையும் 62 டாலர்! சிலிண்டரைப் படுக்கவைத்து, கிராங்க் ஷாஃப்டைச் செங்குத்தாக நிறுத்தினார். மேலே ஃப்ளைவீல், அதில் ஒரு குமிழ், கையால் சுழற்றினால் ஸ்டார்ட். கீழே தண்ணீருக்குள் பெவல் கியர், அதிலிருந்து புரொப்பெல்லர். மோட்டாரையே திருப்பினால் படகு திரும்பும், தனியாகச் சுக்கான் வேண்டாம். பெஸ் இதைப் பார்த்துவிட்டு காபிக்கொட்டை அரைக்கிற மெஷின் மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தாராம். கேலி செய்தவரேதான் விளம்பரம் எழுதி ஊரெல்லாம் விற்றவர். ஸ்காண்டிநேவிய மீனவர்கள்கூட வாங்கினார்கள்.

தொழில் மளமளவென வளர்ந்தது. பெஸ்ஸின் உடம்பு தாங்கவில்லை. என்ன செய்தார் தெரியுமா? 1914 வாக்கில் தன் பங்கைக் கூட்டாளி கிறிஸ் மேயரிடம் விற்றுவிட்டு, ஐந்து வருடம் இந்தத் தொழில் பக்கமே வருவதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பெயர் சொல்லும் கம்பெனியை மனைவிக்காக விட்டுக்கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? மகன் ரால்ஃபையும் அழைத்துக்கொண்டு மூவருமாக ஊர் சுற்றினார்கள்.

கை சும்மா இருந்ததே தவிர மூளை சும்மா இல்லை. கெடு முடிந்த சமயம் புது டிசைன் தயார். இரும்பும் பித்தளையும் இருந்த இடத்தில் அலுமினியம். எதிரெதிராக இரண்டு சிலிண்டர்கள், இரண்டிலும் ஒரே நேரத்தில் வெடிப்பு, அதனால் அதிர்வு குறைவு. மூன்று குதிரைத்திறன், எடை 48 பவுண்டுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய மோட்டாரில் ஒரு குதிரைத்திறனுக்கு 41 பவுண்டு சுமக்கவேண்டும், புதியதில் 16. வீட்டிலிருந்து ஏரி வரைக்கும் ஒரே ஆள் தூக்கிப்போய் மாட்டலாம். சின்னப் படகின் பின்பக்கமும் அமுங்காது.

பழைய கூட்டாளியிடமே கொண்டுபோய்க் காட்டினார். அவர் வேண்டாம் என்றுவிட்டார். சரி, நாமே செய்வோம் என்று உடம்பு தேறியிருந்த பெஸ் மறுபடி கிளம்பினார். ஒரு சிக்கல், எவின்ரூட் என்கிற சொந்தப் பெயர் பழைய கம்பெனிக்குச் சொந்தம்! அதனால் எவின்ரூடின் இலேசான இரட்டை அவுட்போர்டு என்ற பொருளில் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தைச் சேர்த்து எல்ட்டோ என்று பெயர் வைத்தார்கள். அது பழைய கம்பெனியை ஓட ஓட விரட்டியது.

அதே காலத்தில், 1922-இல், பக்கத்து மின்னசோட்டா மாநிலத்தின் பெப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற இளைஞர் இரண்டு பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு படகின் பின்னால் வழுக்கிப் போனார். வாட்டர் ஸ்கீ விளையாட்டு பிறந்தது. வேக்போர்டுக்கு அதுதான் தாத்தா. இழுத்த படகில் இருந்தது 24 குதிரைத்திறன் லாரி இஞ்சினாம். மூன்று குதிரைத்திறன் எல்ட்டோ அங்கே என்ன செய்திருக்கும்? ஒன்றும் செய்திருக்காது. அந்த லாரி இஞ்சினைத் தூக்கி மீன்பிடிக்கிற சின்னத் தோணியில் வைத்தால் தோணியே மூழ்கியிருக்கும். இன்றைக்கு நம் குமரி மாவட்டக் கரையில் வள்ளத்திலிருந்து அவுட்போர்டைக் கழற்றித் தோளில் தூக்கிப்போகிற மீனவரைப் பார்த்தால் எவின்ரூடின் கணக்கு புரியும்.

1928-இல் எல்ட்டோ குவாட் என்ற நான்கு சிலிண்டர் அவுட்போர்டு வந்தது. மறுவருடமே எல்ட்டோவும் பழைய எவின்ரூட் கம்பெனியும் லாக்வுட் கம்பெனியும் ஒன்றாக இணைந்தன. விற்றுவிட்டு வந்த தன் பெயருக்கே மறுபடி தலைவரானார் ஓலே. பெஸ் 1933-இல் காலமானார். அடுத்த வருடம் ஜூலை 12 அன்று ஓலேயும் போய்ச் சேர்ந்தார், வயது 57. நிர்வாகம் ரால்ஃபின் கைக்கு வந்தது. பிற்பாடு பல கைகள் மாறி, கடைசியில் கனடாவின் பி.ஆர்.பி. கம்பெனியிடம் இருந்த எவின்ரூட் அவுட்போர்டு தயாரிப்பு 2020 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது.