நாணய வியாபாரத்தில் சறுக்கிய மேதை

பொருளாதார மேதை என்று உலகம் போற்றியவர் ஜான் மேனார்டு கெய்ன்ஸ். அவரே ஒரு சமயம் நாணய வியாபாரத்தில் இறங்கி, கைப்பொருளை இழந்தார். உறவினர், நண்பர்கள் கொடுத்த பணமும் அதோடு போயிற்று.

கெய்ன்ஸ் 1883-ம் ஆண்டு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தந்தை பல்கலைக்கழக ஆசிரியர். படிப்பு முடிந்ததும் கெய்ன்ஸ், லண்டனில் இந்திய நிர்வாகத்தைக் கவனித்த அலுவலகத்தில் வேலை பார்த்தார். இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் இந்திய நாணயம் பற்றி 1913-ல் ஒரு நூல் எழுதினார்.

கணக்குப் போட்டார்

முதல் உலகப் போருக்கு முன், பெரிய நாடுகளின் நாணயங்கள் தங்கத்தோடு கட்டப்பட்டிருந்தன. போருக்குப் பின் அந்தக் கட்டு அவிழ்ந்தது. நாணயங்களின் விலை தினமும் ஏறி இறங்கியது.

ஜெர்மனி, பிரான்சு, இத்தாலி ஆகியவை போரில் நொடித்துப்போன நாடுகள். அவற்றின் நாணயங்கள் விழுந்தே தீரும் என்று கெய்ன்ஸ் கணக்குப் போட்டார். 1919-ல் வியாபாரத்தைத் தொடங்கினார்.

கையில் இல்லாத ஜெர்மன் மார்க்கை, பிறகு தருவதாகச் சொல்லி முன்கூட்டியே விலை பேசி விற்றார். விலை இறங்கினால், மலிவாக வாங்கிக் கொடுத்து லாபம் பார்க்கலாம். ஏறினால் நஷ்டம். சிறிய முன்பணம் கட்டினால் போதும். அதனால் லாபமும் பெரிது, நஷ்டமும் பெரிது.

மே மாதத்தில் விழுந்த அடி

முதலில் லாபம் கொட்டியது. 1920 மே மாதத்தில் நிலைமை தலைகீழாயிற்று. விழ வேண்டிய நாணயங்கள் ஏறின. பணம் போய்க் கடன் மிஞ்சியது.

செல்வந்தர் எர்னஸ்ட் காசல் 5,000 பவுன் கடன் கொடுத்தார். நூல் வெளியீட்டாளர் 1,500 பவுன் முன்பணம் தந்தார். கெய்ன்ஸ் மறுபடியும் அதே வியாபாரத்தில் இறங்கினார். 1922 முடிவதற்குள் கடன்களை அடைத்தார்.

அவருடைய கணக்கு தப்பா? இல்லை. 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4 லட்சம் கோடி மார்க்குக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது! கணக்கு சரி; காலம்தான் தவறிவிட்டது.

விதியும் மேதையும்

அவருடைய வியாபாரக் கணக்குகளை ஆராய்ந்து, 2016-ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. இரண்டு எளிய விதிகளை அந்தக் காலத்து விலைகளில் வைத்துச் சோதித்தார்கள். ஏறும் நாணயத்தை வாங்கி, இறங்குவதை விற்பது ஒன்று. வட்டி கூடுதலான நாணயத்தை வாங்கி, வட்டி குறைந்ததை விற்பது மற்றொன்று.

1920-களில் இந்த விதிகள் மேதையையே மிஞ்சின. ஆனால் 1930-களில் விதிகளும் சரியாகப் பலிக்கவில்லை. மேதைக்கும் பெரிய பலன் இல்லை.

1944-ல் அமெரிக்காவில் பிரெட்டன் வூட்ஸ் மாநாடு நடந்தது. பிரிட்டிஷ் குழுவுக்குக் கெய்ன்ஸ் தலைமை தாங்கினார். நாணயங்களின் விலை கண்டபடி ஆடாமல் இருக்க அங்கே வழி செய்தார்கள். அந்த ஏற்பாடு 1970-களின் தொடக்கம் வரை நீடித்தது.

1946 ஏப்ரல் 21-ந் தேதி, 62-வது வயதில் கெய்ன்ஸ் காலமானார்.

நேற்றுப் பலித்த விதி நாளையும் பலிக்கும் என்று நம்பி, வீட்டுப் பணத்தைப் போடுகிறவர்கள் அவருடைய 1920 மே மாதத்தை நினைத்துக்கொள்வது நல்லது.